28 மி.மீ. சிப்பாய்க்கு எந்த ஸ்கேல் வண்டி?

அலமாரியில் பிரிக்காமலே தூங்கிக்கொண்டிருந்த கிட்டுகளை (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்களை) வைத்து, மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுக்கான என் 28 மி.மீ. அறிவியல் புனைவுச் சிப்பாய்ப் படைக்கு வண்டி, விமானம், கட்டடம் எல்லாவற்றையும் தேற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. கையில் இருந்தவை: 1/35-இல், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவில், ஒரு எட்டுச் சக்கரக் கவச வண்டி, 1/72-இல் ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர், 1/48-இல் பாதி ஒட்டிய ஜெட் விமானம், ரயில் மாடல்காரர்களின் எச்ஓ அளவில் ஒரு எண்ணெய் ஆலை, 1/144-இல் ஒரு ராட்சத ரோபோ, ஒரு டப்பா நிறையப் பொம்மைக் கார்கள். ஒன்றுக்கொன்று ஸ்கேல் ஒட்டாத கூட்டம்.

முதலில் ஹெலிகாப்டரை எடுத்தேன். மூன்று மாலை உட்கார்ந்து ஒட்டி, இறக்கைகளை மாற்றி, வண்ணமடித்து மேசையில் வைத்தேன். எதிரே விளையாடும் நண்பன் தன் சிப்பாய் ஒருவனை எடுத்து அதன் காக்பிட் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். "ஏன்டா, இதுக்குள்ள இவன் எப்படிப் போவான்? தலை நுழைஞ்சா தோள் நுழையாதே!" என்றான். சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்று ஆட்டத்தில் மனசு போகவில்லை. கண் திரும்பத் திரும்ப அந்தக் காக்பிட்டுக்கே போனது.

28 மி.மீ. என்பது விகிதமே இல்லை என்பதை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். அது ஓர் உயரம். வழக்கமாக உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரை அளப்பார்கள். சிலர் உச்சந்தலை வரை அளந்துவிட்டு அதே எண்ணைப் போடுகிறார்கள். 175 செ.மீ. ஆளுக்குக் கண் மட்டம் சுமார் 163 செ.மீ. அதை 28 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய 1/58. இந்த அளவு உருவங்களுக்கென்றே வரும் வண்டிக் கிட்டுகள் பெரும்பாலும் 1/56 என்று போட்டிருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் என் சிப்பாய்களைக் காலிப்பரில் அளந்தால் கண் மட்டமே 30 மி.மீ. வந்தது. அதாவது 1/54. ஆண்டுக்கு ஆண்டு உருவங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போவது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வியாதி. 1970களில் 25 மி.மீ. என்று தொடங்கியவை இன்று 32-ஐத் தாண்டி நிற்கின்றன.

உயரத்தை விடக் குழப்பம் தருவது அகலம். 'ஹீரோயிக்' என்று சொல்லும் வகை உருவங்களில் தலை, கை, துப்பாக்கி மூன்றும் வேண்டுமென்றே பெருக்கப்பட்டிருக்கும். மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும், வண்ணமடிக்கவும் இடம் வேண்டும் என்பதற்காக. என் ஆட்களில் ஹெல்மெட் இல்லாத ஒருவனின் தலையை அளந்தேன்: தாடையிலிருந்து உச்சி வரை 5.5 மி.மீ. 1/56-இல் அது 31 செ.மீ. தலை! நிஜ ஆளுக்கு 23 செ.மீ. இருந்தாலே அதிகம். கவச உடை போட்டவனின் தோள் அகலம் 15 மி.மீ., அதாவது 84 செ.மீ. சாதாரண வீட்டுக் கதவில் இவன் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும்.

ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவதை அன்றோடு விட்டேன். அறிவியல் புனைவு வண்டிக்கு நிஜ உலகில் மூலம் கிடையாது. அந்த டாங்க் நிஜத்தில் எத்தனை மீட்டர் என்று யாரும் நம்மைக் கேட்டு மடக்க முடியாது. பார்ப்பவன் கண் அளவைப் பிடித்துக்கொள்வது மனித உடம்பு தொடும் இடங்களில்தான்: கதவு, மேல்மூடி, ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, இருக்கை. இவை ஆளுக்குப் பொருந்தினால் வண்டி பொருந்தும். பொருந்தாவிட்டால் பெட்டியில் 1/56 என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தாலும் பொருந்தாது.

ஒரு தாளில் கணக்குப் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன். எல்லாம் 1/56-க்கு. ஏணிப் படிகளின் இடைவெளி 30 செ.மீ. என்றால் 5.4 மி.மீ. மாடிப்படியின் ஒரு படி உயரம் 18 செ.மீ., அதாவது 3.2 மி.மீ. கைப்பிடிச் சுவர் 1.1 மீட்டர், 20 மி.மீ. இருக்கை உயரம் 45 செ.மீ., 8 மி.மீ. டாங்க் மேல்மூடி 60 செ.மீ. விட்டம், 10.7 மி.மீ. இதில்தான் இடித்தது: தோள் 15 மி.மீ. இருக்கும் ஆள் 10.7 மி.மீ. ஓட்டையில் எப்படி இறங்குவான்? கணக்குச் சரி, உருவம்தான் பொய். அதனால் ஆள் நுழையும் ஓட்டை எதுவானாலும் கணக்கை விட ஒன்றரை மடங்கு, குறைந்தது 16 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். கதவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிப்பாய் 3 மி.மீ. கனமுள்ள பேஸ் (அடித்தட்டு) மேல் நிற்கிறான். 2.1 மீட்டர் கதவு 37.5 மி.மீ. வரும், பேஸோடு என் ஆள் 37 மி.மீ. தலை தட்டும். 42 மி.மீ. ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது.

பிறகு 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் ஓர் 'அளவு ஆள்' வெட்டினேன். 34 மி.மீ. உயரம், 15 மி.மீ. தோள், இடுப்பிலும் முழங்காலிலும் ஒரு கோடு. எந்தக் கிட்டைப் பிரித்தாலும் முதல் வேலை இவனைப் பாகங்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். இந்த முழு வேலையிலும் அதிகம் உழைத்த கருவி இவன்தான். காலிப்பர் கூட இரண்டாவதுதான்.

அடுத்து 1/35 கவச வண்டி. 1/35-ஐ 1/56 பக்கத்தில் வைக்கவே கூடாது, 1.6 மடங்கு வித்தியாசம் என்பார்கள். நிஜத்தில் 7 மீட்டர் நீள வண்டி கிட்டில் 20 செ.மீ. வருகிறது. என் சிப்பாய்களின் உலகத்தில் அது 11.2 மீட்டர். சக்கரம் 31 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஆள் உயரம். கேட்டால் பிழை மாதிரி இருக்கிறது. ஆனால் வேற்றுக் கோளில் ஓடும் துருப்பு வண்டிக்கு ஆளுயரச் சக்கரம் ஒன்றும் குறையில்லையே! மேல்மூடி 17 மி.மீ.; நான் போட்ட ஒன்றரை மடங்குக் கணக்கில் கச்சிதமாக விழுகிறது. பெரிய ஸ்கேலிலிருந்து கீழே இறங்குவது எளிது என்று அப்போது புரிந்தது. வண்டி பெரிதாகிறது, ஓட்டைகளும் பெரிதாகின்றன, ஆள் தாராளமாக நுழைகிறான். ஹெலிகாப்டரில் நடந்தது இதற்குத் தலைகீழ்.

காட்டிக்கொடுப்பவை சின்னப் பாகங்கள்தான். கிட்டில் வந்த எரிபொருள் கேன் 13 மி.மீ. உயரம். என் சிப்பாய் பக்கத்தில் அது 73 செ.மீ., தொடையைத் தொடுகிறது. மண்வெட்டி, கோடாரி, சங்கிலிக் கொக்கி, ஓட்டுநர் உருவம் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். உடம்போடு சேர்த்து வார்த்திருந்த கைப்பிடிகளை உளியால் சீவி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். கனரக இயந்திரத் துப்பாக்கியை மட்டும் தூக்கிப் போடவில்லை. 47 மி.மீ. நீளமுள்ள அது இந்தப் புது உலகில் இரண்டரை மீட்டருக்கு மேல். குழாய் முனையில் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகியதும் சின்னப் பீரங்கியாகிவிட்டது.

அழிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, சரியான அளவில் மனித அடையாளங்களைச் சேர்ப்பது. இங்கேதான் முட்டாள்தனம் ஒன்று செய்தேன். பக்கவாட்டு ஏணிக்கு அதே கிட்டில் கிடைத்த ஏணியை ஒட்டினேன். படி இடைவெளி 8.6 மி.மீ. அடுத்த நொடியே 11 மீட்டர் ராட்சதம் மறுபடி 7 மீட்டர் வண்டியாகச் சுருங்கியது, சிப்பாய் பொம்மையாகிவிட்டான். ஒரு ஏணி இத்தனை வேலை செய்யுமா என்று நானே நம்பவில்லை. பிய்த்து எறிந்துவிட்டு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தேன். கண்ணளவில் ஒட்டிய முதல் ஏணி கோணலாக வந்தது. வரைகட்டத் தாளைப் பலகையில் ஒட்டி, 5.4 மி.மீ.க்கு ஒரு குண்டூசி அடித்து, அதன் மேல் கம்பிகளைப் படுக்கவைத்து ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டதும் நேராக வந்தது. அப்படியே வண்டியின் கூரையைச் சுற்றி 20 மி.மீ. உயரத்தில் கைப்பிடிக் கம்பி போட்டேன். அதுவரை வெறும் கூரையாக இருந்தது, ஆட்கள் நடமாடும் மேல்தளமாக மாறியது. பக்கத்தில் 20க்கு 42 மி.மீ. கதவு ஒன்றைக் கோடு கீறி, விளிம்புக்கு 0.25 மி.மீ. பட்டை ஒட்டினேன்.

வண்ணத்திலும் இதே விதிதான். எச்சரிக்கைக் கோடுகளை அகலமாக அடித்தால் வண்டி சின்னதாகத் தெரியும். ஸ்பாஞ்சால் ஒற்றும் உரிந்த வண்ணத் திட்டு 2 மி.மீ. இருந்தாலே 11 செ.மீ. காயம், அதனால் ஊசி முனையளவு திட்டுகளாக நிறைய வைத்தேன். எழுத்து ஸ்டிக்கர்களுக்கு 1/35 தாளைத் தொடவே இல்லை. பழைய 1/72 விமானக் கிட்டில் மிச்சமிருந்த பொடி எழுத்துகளை அங்கங்கே ஒட்டினேன். படிக்க முடியாத அளவு சின்ன எழுத்து, வண்டியை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஹெலிகாப்டருக்குத் திரும்பினேன். 1/72 ஆள் தலை முதல் கால் வரை 24 மி.மீ.தான். காக்பிட்டின் உள் அகலம் 12 மி.மீ. என் 15 மி.மீ. தோள்காரன் அதற்குள் போகவே முடியாது. மேல் ஸ்கேலுக்கு ஏற்றுவது எப்போதுமே இந்த இடத்தில்தான் மாட்டும். ஆளை நுழைக்க முடியாவிட்டால் ஆளே இல்லாமல் செய்துவிடலாமே? கண்ணாடியை ஒட்டி மூடி, சட்டக் கோடுகள் மறையும்வரை புட்டி பூசித் தேய்த்து, முன்னால் மூன்று வட்டக் கண்கள் வைத்தேன். விமானி இல்லாத வேட்டை டிரோன் தயார். நண்பன் இந்த முறை சிப்பாயைத் தூக்கி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தான். அதுவே எனக்குப் போதும்.

1/48 ஜெட்டில் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. 1/56-ஐ விட சுமார் 17 சதவீதம்தான் பெரிது, பெருத்த தோள்களுக்கு அந்த 17 சதவீதம் சரியாக ஈடுகொடுக்கிறது. 28 மி.மீ. ஹீரோயிக் உருவத்துக்குத் துணையாக ஒரே ஒரு கிட் ஸ்கேல் சொல்லச் சொன்னால் நான் 1/48-ஐத்தான் சொல்வேன். கட்டுமான இயந்திரங்களின் உலோக மாடல்கள் 1/50-இல் வரும். அவையும் இதே குடும்பம். 1/43 கார்கள் 1.3 மடங்கு. தனியாக நின்றால் பெரிய சரக்கு வண்டியாக ஏமாற்றலாம், கதவுக் கைப்பிடிகளைச் சீவினால்.

பொம்மைக் கார்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 1/64 என்று பேர். ஆனால் எல்லாம் ஒரே அளவு அட்டைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் சின்னக் காரும் பெரிய லாரியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வருகின்றன. கார் 1/60 பக்கம் இருக்கும், லாரி 1/100-ஐத் தாண்டிவிடும். என் டப்பாவிலிருந்த லாரிகள் இன்னும் சின்ன வகையான 15 மி.மீ. உயர ஆட்களுக்கு ஏறக்குறையப் பொருந்துகின்றன; கார்கள் பொருந்தவில்லை. எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொன்றின் கதவையும் அளந்து பிரித்து வைத்தேன்.

எண்ணெய் ஆலைக்கு வருகிறேன். எச்ஓ என்றால் 1/87. இதன் கைப்பிடிக் கம்பி 12.6 மி.மீ.; என் சிப்பாய்க்கு 70 செ.மீ., அதாவது தொடை. படிக்கட்டு எலிக்குக் கட்டியது மாதிரி இருந்தது. ஆனால் உருண்டைத் தொட்டி, உயரக் கோபுரம், குழாய்க் கூட்டம் இவற்றுக்கெல்லாம் ஸ்கேலே கிடையாது. இரண்டு அடி விட்டக் குழாயும் மூன்று அடி விட்டக் குழாயும் உலகில் இருக்கத்தானே செய்கின்றன? படிக்கட்டு, நடைமேடை, கதவு, ஜன்னல், ஏணி ஐந்தையும் ஒட்டாமல் விட்டேன். தொட்டியைச் சுற்றி நடைமேடையை 1 மி.மீ. ஷீட்டில் 30 மி.மீ. அகலத்துக்கு வெட்டினேன். 25 மி.மீ. வட்டப் பேஸ் சறுக்காமல் நிற்க அவ்வளவு வேண்டும். 32 மி.மீ. பேஸ் வைத்திருப்பவர்கள் 38-க்குக் குறையாமல் வெட்டுங்கள். அழகான குறுகிய நடைமேடை செய்துவிட்டு அதில் ஒரு சிப்பாயைக் கூட நிறுத்த முடியாமல் போன கட்டடம் ஒன்று என்னிடம் ஏற்கனவே பரணில் இருக்கிறது. படிக்கட்டிலும் அதே கதைதான்: 3.2 மி.மீ. படியில் எந்தப் பேஸும் நிற்காது. அதனால் படிக்கட்டைக் கைவிட்டு ஏணியும் சரிவுப் பாதையும் மட்டும் வைத்தேன்.

ரோபோ 1/144. இந்த வகைக் கிட்டுகளில் 18 மீட்டர் ரோபோ 12.5 செ.மீ. உயரம் வரும். 1/56 உலகில் அது 7 மீட்டர். இரண்டு மாடி உயர நடமாடும் கவசம். மேசைக்கு அற்புதமான அளவு. மார்பிலிருக்கும் விமானி அறை மட்டும் இரண்டரை மடங்கு சின்னது. ஹெலிகாப்டர் பாடம் நினைவிருந்ததால் அதைப் புட்டியால் மூடிவிட்டு, முதுகில் 1/48 ஜெட்டின் உபரி இருக்கையோடு ஒரு திறந்த கூண்டு கட்டி, கால் வெட்டிய ஒரு சிப்பாயை உட்காரவைத்தேன். ஆள் வெளியே தெரிய ஆரம்பித்ததும் பொம்மை ரோபோ சட்டென்று இயந்திரமாகிவிட்டது.

உருவங்களுக்குள்ளேயே கலப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் ஆட்களை ஒரே அணியில் சேர்க்கும்போது எல்லோரும் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 155 செ.மீ. ஆளுக்கும் 190 செ.மீ. ஆளுக்கும் 1/56-இலேயே 6 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, ஒரு படையில் குட்டையனும் நெட்டையனும் இருப்பது இயல்பு. உறுத்துவது தலையும் துப்பாக்கியும்தான். நிஜ விகிதத்தில் செதுக்கிய ஆளின் 4 மி.மீ. தலையும் ஹீரோயிக் ஆளின் 5.5 மி.மீ. தலையும் பக்கத்தில் நின்றால் ஒருவன் நோயாளி போலத் தெரிகிறான். துப்பாக்கியை மாற்றுவது எளிது. எல்லோருக்கும் ஒரே தொகுப்பிலிருந்து துப்பாக்கியும் ஹெல்மெட்டும் கொடுத்தால் பாதி வித்தியாசம் மறைந்துவிடும். மறையாதவர்களை எதிரணிக்கு அனுப்பினேன். அவர்கள் வேறு கோள்காரர்கள், அவ்வளவுதான்.

'3டி பிரின்டரில் சதவீதத்தை மாற்றினால் முடிந்ததே' என்பவர்களுக்கு. 28 மி.மீ. உருவத்தின் கணினிக் கோப்பு ஒன்றை 15-க்கு இறக்க 54 சதவீதம் போட்டேன். 1 மி.மீ. துப்பாக்கிக் குழல் அரை மில்லிமீட்டராகி, தாங்கிகளை அகற்றும்போதே ஐந்தில் மூன்று முறிந்தன. மேலே ஏற்றும்போது முறியாது, ஆனால் 15-லிருந்து 28-க்கு 187 சதவீதம் போட்டால் ரெசின் ஆறரை மடங்கு குடிக்கும். முகம் சோப்புக் கட்டி போல வழவழப்பாக வரும். வண்டிக்கும் கட்டடத்துக்கும் சதவீத மாற்றம் நல்லது, அதுவும் கதவையும் ஏணியையும் தனியாகச் செய்துகொண்டால். ஆளுக்கு அந்த அளவுக்கென்றே செதுக்கியதை எடுப்பதுதான் நிம்மதி.

மேசைக்கு வந்தபின் இன்னொன்று தெரிந்தது. நாங்கள் ஆடும் விதிகளில் துப்பாக்கி 24 அங்குலம் சுடும். 1/56-இல் அது 34 மீட்டர். கல்லெறி தூரம்! ஆறுக்கு நான்கு அடி மேசை முழுவதுமே 102 மீட்டருக்கு 68 மீட்டர்தான். தரையின் ஸ்கேல் வேறு, உருவத்தின் ஸ்கேல் வேறு. விதிகள் அதை ஒத்துக்கொண்டுதான் எழுதப்படுகின்றன. இதனால் பெரிதாக்கிய வண்டிகளுக்கு ஒரு விலை உண்டு. என் 20 செ.மீ. ராட்சதம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் திரும்ப முடியாமல் முதல் ஆட்டம் முழுக்க ஒரே தெருவில் நின்றது. அடுத்த ஆட்டத்துக்கு எண்ணெய் ஆலையின் பகுதிகளைத் தனித்தனி பலகைகளாக அறுத்து, தெருவை இன்னும் அகலமாக்க வேண்டியிருந்தது. பெரிய போர், நிறைய டாங்க், நிஜமான தூரம் எல்லாம் வேண்டுமென்றால் 6 மி.மீ. உருவங்கள் பக்கம்தான் போக வேண்டும். 1/285-இல் அதே மேசை அரைக் கிலோமீட்டர் நீளம். 10 மி.மீ. உருவங்களுக்கு ரயில் மாடல்காரர்களின் 'என்' (N) அளவுக் கட்டடங்கள், அதாவது 1/160, அப்படியே எடுத்து வைக்கலாம். அங்கே கதவுக்குள் ஆள் நுழைகிறானா என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்னும் ஒட்டாமல் கிடப்பது அந்த எரிபொருள் கேன் டப்பா மட்டும்தான். நேற்று அளவு ஆளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கேனின் கைப்பிடியைச் சீவி, மேலே ஒரு குழாய் வைத்தால், எண்ணெய் ஆலை வாசலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குச் சரியாக இருக்கும் போலிருக்கிறது.